போன் முழிச்ச உடனே

முன்சீட்டுல அந்தாளு போன்ல போடற சத்தத்தைக் கேட்டீங்களா தம்பி? த்தூ. உடுமலையில பஸ் எடுத்ததுல இருந்து இதே கருமம். ஒருத்தன் இளிக்கறான், ஒருத்தி அழுகறா, நடுவுல ஒரு நாய் கொலைக்குது. காதுல மாட்டற ஒயரு ஒன்னு வாங்கி மாட்டிக்கிட்டா என்னங்கறேன். அம்பது பேரு உக்காந்திருக்கற பஸ்ஸுல இவன் கேக்கற கருமத்தை அத்தனை பேரும் கேக்கோணுமா? அடுத்தவங்க காது என்ன பொதுக் கக்கூஸுங்களா?

சீட்டைப் பாருங்க. எவனோ பரோட்டா தின்ன கையைத் தொடச்சிருக்கறான். இக்கட்ட நகந்து உக்காருங்க, சட்டையில பட்டுரும். எனக்கு இதெல்லாம் பாத்தாலே குமட்டிட்டு வந்துருமுங்க.

நானுங்களா? சின்னியவலசு பிரிவுல எறங்கறேன். நீங்க தாராபுரமா? நல்லதாப் போச்சு, கடைசி வரைக்கும் பேச்சுத் தொணை ஆச்சு.

ரெண்டு போன் வெச்சிருக்கறேன்னு பாக்கறீங்க. இந்தக் கறுப்பு என்றது. இந்தப் பூப்போட்ட உறை போட்டது என்ற ஊட்டுக்காரியோடது. அவளோடதுன்னா, நான் வாங்கிக் குடுத்தது. இருவதாவது கல்யாண நாளுக்கு. இன்னைக்கு அதைத் திருப்பிக் குடுக்கத்தான் போறேன். அவ வாங்குவாளா மாட்டாளாங்கறதுலதான் என்ற குடும்பமே நிக்குது, சும்மா சொல்லலீங்க.

அணைச்சுத்தான் இருக்குது. அணைச்சே இருக்கட்டும். அதை ஆன் பண்ணறதுலதான் எல்லாமே இருக்குது. சொல்றேன், கேளுங்க.

மடத்துக்குளத்துப் பக்கம் ஒரு நூல் மில்லுல நான் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர். முப்பது வருச சர்வீஸு. எங்க மெஷினுக எல்லாம் சும்மா ஓடாதுங்க. கரண்டு குடுத்த உடனே மொதல்ல சங்கு ஊதோணும். பத்து செகண்டு. அப்பறம் காத்து வருதான்னு பாக்கோணும், கதவு சாத்தியிருக்குதான்னு பாக்கோணும், அதுக்கப்பறம்தான் ஓடோணும். இதையெல்லாம் வரிசையா எழுதி உள்ள ஏத்திருவோம். அந்தச் சங்கை யாரும் நிறுத்த முடியாது. ஓனரே வந்தாலும் முடியாது. ஏன்னா எவனாவது கைய உள்ள விட்டிருந்தான்னா எடுக்கோணுமில்லீங்க? நான் எழுதின மெஷினுல இந்த முப்பது வருசத்துல ஒரு வெரலு போனதில்லை. சும்மா பெருமைக்குச் சொல்லலை.

போனும் அப்படித்தானுங்க. காலையில கடை தொறந்தா வாசத் தெளிச்சு, சாமி படத்துக்குப் பூ வெச்சு, ஊதுவத்தி பொருத்தறமே, அது மாதிரி போன் முழிச்ச உடனே இது இதைச் செய்யின்னு நாம எழுதி வெக்கலாம். ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டும்பாங்க. சும்மா வெக்க முடியாது. கம்பெனிக்காரன் ஒரு பூட்டுப் போட்டிருப்பான், அதை ஒடைக்கோணும். ரூட் பண்ணறதும்பாங்க. வீடியோ பாத்துப் பாத்து ரெண்டு ஞாயித்துக்கெழமை உக்காந்து நானே ஒடைச்சேன். எழுதினது நாலே வரி. முழிச்ச உடனே நெட்டை ஆன் பண்ணு. இருக்கற எடத்தைக் கண்டுபுடி. அதை என்ற போனுக்கு மெசேஜ் போடு. போட்ட தடத்தை அழிச்சுரு.

அதுக்கப்பறம் பொட்டியில வெச்சு, ரிப்பன் கட்டி, தமயந்தி கையில குடுத்தேன். கண்ணுல தண்ணி வெச்சுட்டா. "ஏனுங்க, எனக்கு எதுக்கு இவ்வளவு நல்ல போனு"ன்னா.

ஏன் மூஞ்சியை அப்படி வெக்கறீங்க? வெசனம் தம்பி. மகளைக் கட்டிக் குடுத்தாச்சு. நான் மில்லுக்குப் போயிட்டா அவ தனி. நாட்டுல நடக்கறதெல்லாம் பேப்பர்ல பாக்கறீங்கல்ல? இதென்ன என்ற நல்லதுக்கா செஞ்சேன்?

அது பாட்டுக்கு நல்லாத்தான் போச்சு. சார்ஜு மிச்சம்னு அவ எங்க போனாலும் போனை அணைச்சு அணைச்சுத்தான் போடுவா, முழிக்கறப்பெல்லாம் எனக்கு மெசேஜ் வரும். மார்க்கெட்டு, கோயலு, டெய்லர் கடை. மில்லுல அத்தனை சத்தத்துக்கு நடுவுல பாக்கெட்டுல டிங்னு கேட்டா மனசு அப்படியே குளுந்துரும். ஊட்டுக்காரி எங்க இருக்கறான்னு தெரியாத ஆம்பளைக்குத் தூக்கம் எப்படி வருதுன்னு எனக்குத் தெரியலீங்க.

ஆனா செவ்வாய்க்கெழமை மட்டும் ஒன்னு இடிச்சுது. சந்தைக்குப் போறேன்னு போவா. மெசேஜ் பாத்தா அமராவதி ஆத்துப் பாலத்துகிட்ட. சந்தை இருக்கறது கெழக்கால, பாலம் இருக்கறது மேக்கால. ஒரு வாரமில்ல, ரெண்டு வாரமில்ல, எல்லாச் செவ்வாயும். நேர்ல கேக்க முடியுமா? கேட்டா உங்களுக்கு எப்படித் தெரியும்பா. லீவு போட்டுட்டு ரெண்டு தடவை போயிப் பாத்தேன். ரோட்டோரத்துல புளியமரம் இருக்குது, அதுக்குப் பின்னாடி நின்னேன். தனியாத்தான் உக்காந்திருந்தா, படிக்கட்டுல. பையைப் பக்கத்துல வெச்சுட்டு. ஆனா வாய் மட்டும் அசைஞ்சுட்டே இருக்குது! கையும் லேசா ஆடுது. காதுல போனும் இல்லை, பக்கத்துல ஆளும் இல்லை. காத்து வேற எதிர்ப்பக்கம் அடிச்சுது, ஒன்னும் கேக்கலை. ஒரு மணி நேரம் நின்னேன். எறும்பு கடிச்சதுதான் மிச்சம். யாருகிட்டப் பேசறான்னே கண்டுபுடிக்க முடியலீங்க.

அந்த நேரத்துலதான் இந்த வள்ளிக்கும்மி ஆட்டம் வந்து சேந்துது. உங்க ஊர்லயும் இருக்குமே? இப்ப எந்த ஊர்ல இல்லை. பொன்னுச்சாமி வாத்தியாருன்னு ஒருத்தர் வந்து மாரியம்மன் கோயல் மைதானத்துல முப்பது நாள் சொல்லித் தர்றேன்னாரு. ஊருப் பொம்பளைங்க அறுவது பேரு ஒரே கலர்ல சேலை எடுத்துட்டாங்க. இவளும் போயிட்டா. என்னைக் கேட்டாளா? கேட்டா. நான் பதில் சொல்லலை. நான் பதில் சொல்லலைன்னா வேண்டாம்னு அர்த்தம்னு இத்தனை வருசமா அவளுக்குத் தெரியும். தெரிஞ்சும் போனா பாருங்க.

நாப்பத்தஞ்சு வயசு, தம்பி. மகளுக்கே கொழந்தை பொறக்கப் போகுது. வட்டம் கட்டிக் குனிஞ்சு நிமுந்து கையைத் தட்டிக் குதிக்கறதும், வேர்வை வழியறதும், சுத்தி நின்னு கண்டவனெல்லாம் பாக்கறதும். ஒரு நாள் போயிப் பாத்தேன். சாமி கும்புடற மாதிரி இல்லீங்க அது. சந்தோசமா இருந்தாங்க. அதுதான் எனக்கு அருவருப்பா இருந்துது.

என்ன பண்ணறது, பத்து நிமிசத்துக்கு ஒரு தடவை போன் அடிச்சேன். எங்க இருக்கற, முடிஞ்சுதா, கேஸ் மூடினியா, கேட்டுப் பூட்டினியா. ரெண்டு நாள் எடுத்தா. மூணாம் நாளு, பிராக்டீஸ் ஆரம்பிச்சா போனை அணைச்சுப் போட்டுட்டா. முடிஞ்சு ஆன் பண்ணறப்பத்தான் எனக்கு டிங். மூணு மணி நேரம் என்ற பாக்கெட்டு ஊமையாக் கெடக்கும். நான் இங்க வெந்துட்டு உக்காந்திருப்பேன். ஆட்டம் முடிஞ்சப்பறம் வாத்தியாரைப் பாடச் சொல்லி, தெனமும் அதே போன்ல பதிவு பண்ணி மத்த பொம்பளைங்களுக்கு அனுப்பறது வேற. பாட்டுக்கு ஆகுது போனு, புருசனுக்கு ஆகாது.

அரங்கேற்றத்து அன்னைக்கு மத்தியானம் அவ தலை குளிக்கப் போனா. போன் சார்ஜுல கெடந்துது. எனக்கு இங்க இருந்து இங்க வரைக்கும் ஆத்தரம். ஸ்கிரிப்டுல அஞ்சாவது வரி சேத்தேன். முழிச்ச உடனே சத்தத்தை முழுசா வை, இந்தக் குரலைப் போடு. மில்லுச் சங்கு மாதிரி. பட்டனை அமுக்கினாலும் சத்தம் கொறையாது, அணைக்கலாம்னாலும் அணையாது, நாப்பது செகண்டும் ஓடித்தான் நிக்கும். ஆட்டம் முடிஞ்சு வேன்ல உக்காந்து ஆன் பண்ணுவா, ஒரு நாளாவது புருசன் சொல்றதைப் பாதியில வெட்டாமக் கேக்கட்டும்னு நெனச்சேன். மொட்டை மாடிக்குப் போயி ஒரே மூச்சுல பேசிப் பதிவு பண்ணினேன்.

என்ன பேசினேன்னுங்களா? மனப்பாடமாத் தெரியும். "தமயந்தி, நாந்தான். போனை அணைச்சுப் போட்டா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நீ எங்க போற, எங்க நிக்கற, மூணு வருசமா எனக்கு எல்லாம் தெரியும். செவ்வாய்க்கெழமை சந்தைன்னு பொய் சொல்லிட்டு ஆத்துப் பாலத்துல எவனை நெனச்சுப் பேசிட்டு உக்காந்திருக்கற? இந்த வயசுல ஊரு பாக்கக் குதிக்கறியே, உனக்கும் வெக்கமில்லை, உன்ற கூடக் குதிக்கற பொம்பளைங்களுக்கும் வெக்கமில்லை. உங்களையெல்லாம் பாத்தாக் குமட்டுது." இன்னும் கொஞ்சம் இருக்குது, அது வேண்டாம்.

சரி. அன்னைக்குச் சாயங்காலம் நான் போகலை. காப்பி போட்டுட்டு ஊட்டுல உக்காந்திருந்தேன். ஆறு பன்னெண்டுக்கு டிங். தமயந்தி போன் முழிச்சுது, மாரியம்மன் கோயல் மைதானம். இந்நேரத்துக்கு எதுக்கு ஆன் பண்ணறா, இன்னும் ஆட்டமே தொடங்கியிருக்காதேன்னு ஒரு நிமிசம் தோணுச்சு. அப்பறம், சரி கேக்கட்டும்னு காப்பியைக் குடிச்சேன். சிரிச்சேன்னு கூடச் சொல்லலாம்.

அங்க நடந்தது என்னன்னா, முப்பது நாளாக் கத்திக் கத்தி வாத்தியாருக்குத் தொண்டை கட்டிப் போச்சு. பாட்டெல்லாம் யாருகிட்ட இருக்குது? தமயந்தி போன்ல. மைக்செட்டுக்காரன் ஒயரைக் கொண்டாந்து அவ போன்ல சொருகிட்டான். நாலு பக்கமும் ஆளு ஒசரத்துக்கு ஸ்பீக்கரு. பொம்பளைங்க அறுவது பேரும் சலங்கை கட்டி வட்டத்துல நிக்கறாங்க. ஊரே உக்காந்திருக்குது. போன் அணைஞ்சிருந்துது, ஆன் பண்ணினா.

அந்த மைக்செட்டுக்காரன் ஒரு அறிவுகெட்டவன். ஆன் பண்ணிப்போட்டு ஒயரைச் சொருகறதுதானே மொறை? இல்லை, வந்த சத்தத்தைக் கேட்ட உடனே ஒயரைப் புடுங்கறதுதானே? அவன் போனுல பட்டனைப் போட்டு அமுக்கிட்டு நின்னிருக்கறான். அதுதான் அமுங்காதே. ஒயரைப் புடுங்கோணும்னு தோணறதுக்குள்ள நாப்பது செகண்டும் ஓடிப் போச்சு.

அவ அழுகலையாம். சத்தம் நின்ன உடனே போனை மைக்செட்டுக்காரன் கையில குடுத்து, "இதை அவருகிட்டச் சேத்திருங்க"ன்னாளாம். அப்பறம் மைக்கை வாங்கி, பிள்ளையார் பாட்டுல இருந்து அவளே பாட ஆரம்பிச்சுட்டாளாம். ரெண்டரை மணி நேரம். அத்தனை பாட்டும், பேப்பரு பாக்காம. அப்படி ஒரு தொண்டையை நாங்க கேட்டதே இல்லைன்னு ஊர்ல பேசிக்கறாங்க. எங்கூட்டுக்குள்ள ஒரு நாளு அவ பாடி நான் கேட்டதில்லை. கல்யாணமான புதுசுல அடுப்படியில என்னமோ முனகுவா, சத்தத்தை நிறுத்துன்னு ஒரு தடவை சொன்னேன். அதோட சரி.

அன்னைக்கே பொறந்த ஊட்டுக்குப் போயிட்டா. மறுநாள் காலையில மைக்செட்டுக்காரன் பைக்குல வந்து போனைக் குடுத்தான். உக்காருப்பான்னேன், உக்காரலை. தண்ணி குடுத்தேன், வேண்டாம்னுட்டான். போனைத் திண்டு மேல வெச்சுட்டு, கையை வேட்டியில தொடைச்சுட்டுப் போறானுங்க. என்னைத் தொட்ட மாதிரி! ஸ்பீக்கரு வாடகைக்கு உடறவன், அவனுக்கு என்னைப் பாத்தா அருவருப்பு.

நாப்பது நாளாச்சு. ஊட்டுக்குள்ள போனா கம்முனு இருக்குதுங்க. பாத்திரம் கூடச் சத்தம் போடறதில்லை. பொய் சொல்லலை தம்பி, அவ இல்லாம என்னால முடியலை. சாப்பாட்டுக்குச் சொல்லலை. சாப்பாடு மில்லு கேன்டீன்லயே ஆகுது.

மச்சினன் ஈஸ்வரமூர்த்திக்குப் போன் பண்ணினேன். பத்து தடவைக்கு ஒரு தடவை எடுத்தான். "மாமா, அந்தப் பாலத்துல எவனும் இல்லை. அக்கா அங்க போயிப் பாடிட்டு வருமாமா. உங்கூட்டுல பாடக் கூடாதில்ல"ன்னான். எனக்கு ஒரு மாதிரி ஆயிப் போச்சு. பாட்டுத்தானா? பாட்டுக்கா நான் மூணு வருசம் தூங்காமக் கெடந்தேன்? அதைச் சொல்லித் தொலைச்சிருந்தா நான் ஏன் எறும்புக் கடியில நிக்கப் போறேன்?

போன் நம்பராவது குடுடான்னேன். "அக்கா பட்டன் போன் வாங்கிருச்சு மாமா. அதுல யாரும் எதையும் ஏத்த முடியாதாமா"ன்னு சொல்லிப்போட்டு நம்பரு தரமாட்டேன்னுட்டான். கடைசியில அவ சொல்லியனுப்பினதைச் சொன்னான். "எந்த வாயால சொன்னாரோ அந்த வாயாலயே, அத்தனை பொம்பளைங்க முன்னாடியும் தப்புன்னு சொல்லட்டும். அப்பறம் யோசிக்கறேன்." அவ்வளவுதான்.

இன்னைக்குச் சாயங்காலம் அவ பொறந்த ஊரு சின்னியவலசுல கோயல் நோம்பி. அதே கும்மி செட்டைக் கூப்பிட்டிருக்கறாங்க. அதே அறுவது பேரு, அதே மைக்செட்டு. அதுக்குத்தான் போறேன்.

நேர்ல சொல்லிருவீங்களான்னு கேக்கறீங்க. இல்லீங்க தம்பி, அங்கதான் நான் மூளையை உபயோகிச்சிருக்கறேன். இதுல பழைய குரலை அழிச்சுட்டுப் புதுசு ஏத்தியிருக்கறேன். மன்னிப்பு. மைக்செட்டுக்காரன்கிட்டக் குடுத்து ஒயரைச் சொருகி ஆன் பண்ணச் சொன்னா, அதே ஸ்பீக்கரு, அதே பொம்பளைங்க, அதே குரலு. அவ கேட்டது அதுதானே? அது மட்டுமில்லை, இனி அவ ஆயுசுக்கும் எப்ப போனை ஆன் பண்ணினாலும் மன்னிப்பு வரும். எந்தப் புருசன் தம்பி தெனமும் மன்னிப்புக் கேக்கறான்? நான் கூட்டத்துக்குள்ள போயி நிக்கோணும்னு கூட இல்லை. அங்க ஒரு வேப்பமரம் இருக்குது, அதுக்குப் பின்னாடி நின்னுக்குவேன்.

வாயால சொல்றதுக்கு என்ன கேடுன்னா... வர மாட்டேங்குதுங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்தேன். தமயந்திங்கற வரைக்கும் வருது. அதுக்கு மேல வாயைத் தொறந்தா திட்டுத்தான் வருது. இதையே முப்பத்தாறு தடவை பதிவு பண்ணித்தான் எடுத்தேன்.

என்னது? மத்த வரியெல்லாம் எடுத்துட்டேனான்னா? எது, எடத்தை அனுப்பறதா? அது இருந்துட்டுப் போகுதுங்க. அது யாரை என்ன பண்ணுது?

நம்ப மாட்டீங்கறீங்க. உங்க மூஞ்சியிலயே தெரியுது. இருங்க, ஒரு தடவை போட்டுக் காட்டறேன், கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க. இந்தப் பட்டனை அமுத்திப் புடிக்கோணும். கொஞ்சம் நேரமாகும். பழைய மாடலு. வந்துருச்சு பாருங்க, வெளிச்சம் வந்துருச்சு.

"தமயந்தி, நாந்தான். அன்னைக்கு அப்படிப் பேசினது தப்பு. மன்னிச்சிரு..."

நல்லாத் தெளிவாக் கேக்குதுங்களா? இந்தச் சின்ன போனுக்கு இவ்வளவு சத்தம். எல்லாம் எழுதறதுலதான் இருக்குது.

"...ஆனா நீயும் சொல்லியிருக்கலாம். பாட்டுத்தான் பாடறேன்னு ஒரு வார்த்தை. சொல்லாம விட்டது யாரு தப்பு? நான் கேக்காம இருந்தனா? போனை அணைச்சது யாரு..."

அந்த முன்சீட்டுக்காரன் எதுக்குத் திரும்பிப் பாக்கறான்? அவன் போனை அணைச்சுட்டுப் பாக்கறான். அந்தம்மா எல்லாம் எதுக்கு எந்திரிச்சுப் பாக்கறாங்க? என்னங்க கண்டக்டரே? நிறுத்தறதா? நிறுத்த முடியாதுங்க. நிறுத்த முடியாத மாதிரித்தான் எழுதியிருக்கறேன். அமுக்கினாலும் ஆகாது. துண்டுல சுத்தினா... இல்லீங்க, சுத்தினாலும் கேக்கத்தான் செய்யுது.

இருங்க, இது என்ற போனு. டிங்குன்னுச்சே. "தமயந்தி போன் முழிச்சுது. எடம், தாராபுரம் ரோடு." மூணு வருசமா இந்த மெசேஜு வந்தாப் போதும், அவ எங்க இருக்கறான்னு தெரிஞ்சு போயிரும். இப்ப என்ற மடியில இருக்கறான்னு சொல்லுது. அவ எங்க இருக்கறாளோ.

தம்பி, ஏனுங்க எந்திரிக்கறீங்க? தாராபுரம்னுதானே சொன்னீங்க? முன்னாடி எடமே இல்லை, நின்னுட்டா போவீங்க? உக்காருங்க தம்பி. இன்னும் பதினஞ்சு செகண்டு இருக்குது.